8 மாதம் "சிறை"யில் கிடந்த புறா!
காலில் வளையம் இருந்தும் தப்பவில்லை. பறவை வளர்ப்போர் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி

பெண்ணாடம்:
இங்கே மாடியில் இருந்து கிளம்பிய புறா, விருத்தாசலத்தில் யார் வீட்டு மாடியிலோ போய் இறங்கிவிடுகிறது என்று வையுங்கள். "இது என் புறா" என்கிறார் ஒருவர். "உன் பேரு எழுதியிருக்கா?" என்கிறார் மற்றவர். என்ன பதில் சொல்வது?

ஒரு பீங்கான் கோப்பையைத் திருப்பினால் அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். பறவைக்கு முத்திரை எங்கே? காலில்தான்!

ஆனால் வளையம் மாட்டினால் மட்டும் போதாது. அதற்கு இரண்டு புறாக்களே சாட்சி.

உளவுப் புறாவா?

2023 மே மாதம் மும்பை துறைமுகப் பக்கம் ஒரு புறா சிக்கியது. கால்களில் வளையம். இறக்கைக்கு அடியில் சீன எழுத்து மாதிரி ஏதோ எழுத்து. "சீனாவின் உளவாளியோ?" என்று ஒரே பரபரப்பு! போலீசார் புறாவை மிருக ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். விசாரணையில், தைவானில் கடல் மேல் பறக்கவிடும் பந்தயப் புறா அது, வழி தவறி வந்துவிட்டது என்று தெரிந்தது. 2024 ஜனவரி கடைசியில்தான் விடுதலை. 8 மாதக் காவல்!

ஆஸ்திரேலியாவில் இன்னொரு புறாவுக்குத் தலையே போயிருக்கும். 2020 கடைசியில் மெல்போர்னில் ஒரு வீட்டில் அது இறங்கியது. கால் வளையத்தில் அமெரிக்க நம்பர். "வெளிநாட்டு நோய் வந்துவிடும், கொன்றுவிட வேண்டியதுதான்" என்றார்கள் அதிகாரிகள். அந்த நேரத்தில் அமெரிக்கப் பந்தயப் புறா சங்கம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தது. அந்த நம்பர் வேறொரு புறாவுடையது, வளையமே போலி என்று சொன்னது. உள்ளூர்ப் புறாதான் என்று முடிவாகி, 2021 ஜனவரியில் அதன் உயிர் தப்பியது.

வளையத்தில் இருப்பது வெறும் நம்பர். அந்த நம்பர் யாருடையது என்று எழுதிவைத்த நோட்டுதான் உண்மையான சாட்சி!

எந்த வளையம்?

மூடிய வளையம்: ஒட்டுப் போடாத முழு வட்டம். குஞ்சாக இருக்கும்போதே மாட்ட வேண்டும். புறாக் குஞ்சுக்குப் பிறந்து சுமார் ஒரு வாரத்தில். முன் விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின் விரலைக் காலோடு ஒட்டிப் பின்னால் மடக்கி, வளையத்தை மேலே ஏற்றி விரலை விட்டுவிட வேண்டும். சில நாளில் பாதம் பருத்துவிடும், அப்புறம் கழலாது. திருடன் எடுக்க வேண்டுமானால் வெட்டித்தான் எடுக்கணும். வளர்ந்த பறவைக்கு இதை மாட்டவே முடியாது. அதனால், குஞ்சிலிருந்து வளர்த்தது என்பதற்கும் இது ஓர் அத்தாட்சி.

திறந்த வளையம்: எந்த வயதிலும் போடலாம். சுலபம்தான். ஆனால் குறடு இருந்தால் யாரும் கழற்றிவிடலாம். இடைவெளி சரியாக மூடாவிட்டால் கூண்டுக் கம்பியில் மாட்டிக் கால் ஒடியும்.

அளவு முக்கியம். பட்ஜி குருவிக்கு உள்வட்டம் சுமார் 4 மில்லிமீட்டர், புறாவுக்கு சுமார் 8 மில்லிமீட்டர். கால் வீங்கினால் வீட்டிலேயே வெட்டாதீர்கள். கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள்.

அரிசி அளவு சிப்

பெரிய கிளிகளுக்கு நெஞ்சுச் சதையில் ஊசி மூலம் "மைக்ரோசிப்" வைக்கிறார்கள். அரிசி அளவுதான். அதற்குள் 15 இலக்க நம்பர். கழலாது, வெளியே தெரியாது. திருடனுக்கும் தெரியாது, கண்டெடுத்த நல்ல மனிதருக்கும் தெரியாது! படிக்கத் தனிக் கருவி வேண்டும். போடுவது டாக்டர் வேலை. பட்ஜி போன்ற பொடிக் குருவிகளுக்கு இது சரிப்படாது.

ரப்பர் பேண்ட், நூல் கட்டவே கூடாது. ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். சாயம் பூசினால் இறகு உதிரும்போது அதுவும் போய்விடும்.

பச்சைக்கிளிக்கு வேண்டாம்!

நம் நாட்டுப் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளையம் மாட்டினாலும் குற்றம் குற்றமே. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற வெளிநாட்டுப் பறவை வைத்திருப்போர், 2024 பிப்ரவரி 28-ல் வந்த விதிகளின்படி, "பரிவேஷ் 2.0" தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜி, காக்டெயில் பறவைகளுக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

ஏரிக்கரையில் வளையத்தோடு பறவை கிடந்தால் அது வீட்டுப் பறவை என்று நினைத்துவிடாதீர்கள். கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டி விடுகிறார்கள். நம்பரைக் குறித்து வனத்துறையிடம் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் குஞ்சு பொரித்தால் மூடிய வளையம். பெரிய பறவையாக வாங்கினால் திறந்த வளையம். விலை உயர்ந்த வெளிநாட்டுக் கிளிக்கு வளையத்தோடு சிப்பும் சேர்த்து. எதுவானாலும் 40 பக்க நோட்டு ஒன்று போடுங்கள். வளைய நம்பர், பொரித்த தேதி, வாங்கிய ரசீது, இரண்டு இறக்கையும் விரித்து எடுத்த போட்டோ எல்லாம் அதில் இருக்கட்டும். வளையத்தில் இடம் இருந்தால் உங்கள் போன் நம்பரையும் பொறித்துவிடுங்கள். பறவை பறந்து போனாலும், போன் வந்து சேரும்!