கல் நட முடியாத வழி

அறிவியல் வளர்ச்சியால் உலகம் ஒரு சிற்றூராகச் சுருங்கிவிட்டது என்பர். ஆயினும் தூரம் தூரந்தான். நாட்றம்பள்ளி வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கிலோமீட்டர்க் கற்களைப் பார்த்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். கல் நட முடியாத வானத்தில் தூரத்தை எவ்வாறு அறிவது?

நம் வட்டாரத்தில் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோலும் காலணியும் ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளுக்குச் செல்கின்றன. பெருஞ்சரக்கு கப்பலேறும், மாதிரிகளும் அவசரச் சரக்கும் விமானமேறும். காலணியின் மேல்பாகம் தைக்கும் என் தாயார், "நாங்க தைக்கிறது போற ஊரு எவ்ளோ தூரம்பா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். விடை கூறும் கடமையும் என்னுடையதாயிற்று. சென்னையையும் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரையும் எடுத்துக்கொண்டேன்.

படமும் உருண்டையும்

மெர்க்கேட்டர் முறையில் வரைந்த உலகப் படத்தில் இவ்விரு நகரங்களையும் அடிக்கோலால் இணைத்தால், கோடு பாரசீக வளைகுடாவின் வடமுனைக்குச் சற்று மேலே செல்லும். அவ்வழியே பறந்தால் தூரம் ஏறத்தாழ 7,760 கி.மீ. ஆனால் பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே விலகி, காஸ்பியன் கடலின் தென்கரையைத் தொடும். உருண்டையைத் தட்டையாக்கும்போது படம் இழுபடுவதால் வரும் வேறுபாடு இது. நூல் காட்டுவதே மிகக் குறுகிய வழி. இதனைப் பெருவட்ட வழி என்பர்.

கணக்கு

சென்னை 13 பாகை வடக்கு, 80.2 பாகை கிழக்கு. பிராங்பர்ட் 50 பாகை வடக்கு, 8.6 பாகை கிழக்கு. தீர்க்கரேகைகளின் வேறுபாடு 71.6 பாகை. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.172. அவற்றின் கொசைன்களோடு 71.6 பாகையின் கொசைனையும் பெருக்கினால் 0.198. இரண்டின் கூடுதல் 0.370. இது 68.3 பாகையின் கொசைன் என்று கணித அட்டவணை கூறுகிறது. பூமியின் மேல் ஒரு பாகை 111.2 கி.மீ. ஆகவே தூரம் ஏறத்தாழ 7,600 கி.மீ.

பாகையின் நீளமும் மனிதர் மண்ணில் அளந்து கண்டதே. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தம் நில அளவையைத் தொடங்கினார். சென்னை விமான நிலையமும் அதே பரங்கிமலைக்கு அருகில்தான் உள்ளது!

பறக்கும் வழி

கணக்கு காட்டிய கோட்டிலேயே விமானம் பறப்பதில்லை. காற்றும் நாட்டு எல்லைகளும் குறுக்கிடுகின்றன. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வன்காற்றால், போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் குறைவு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டில்லியிலிருந்து ஐரோப்பா செல்லும் நம் விமானங்கள் அரபிக்கடல் வழியே சுற்ற நேர்ந்தது. சுற்றினால் எரிபொருள் கூடும், செலவும் கூடும். எனவே 7,600 என்பது இதற்குக் குறைய முடியாது என்னும் எல்லையே.

மாணவ நண்பர்களே! முக்கோணவியல் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதன்று. இத்தாலியின் மிலான் நகரம் 45.5 பாகை வடக்கு, 9.2 பாகை கிழக்கு. நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். விடை ஏறத்தாழ 7,500 கி.மீ. என வந்தால் உங்கள் கணக்கு சரி.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)