மதுவும் தன்னெதிர்ப் பொருள்களும்

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காட்டின் ஒரு பகுதியே அவ்வூர். ஆதலின் அச்செய்தி கடலூர், சிதம்பரம் மக்களுக்கு அண்டை வீட்டு இழவாகவே இருந்தது. ஆனால் 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசே சில்லறையாக விற்றுவரும் மது செய்யும் தீங்கு ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நிகழ்வது. அத்தீங்குகளுள் பலரும் அறியாத ஒன்றை ஈண்டுக் காண்போம்.

நம் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்கள் நோய்க்கிருமிகளைத் தாக்கவென அமைந்தவை. அவற்றுட் சில, உடலின் உறுப்புகளையே பகையெனக் கொள்ளுமாயின் அவற்றைத் தன்னெதிர்ப் பொருள்கள் என்பர். மிகுதியாகக் குடிப்போரிடம் இவை தோன்றுவது எங்ஙனம்? மதுவைக் கல்லீரல் சிதைக்கும்போது அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருள் பிறக்கின்றது. அது கல்லீரலின் புரதங்களோடு ஒட்டி அவற்றின் உருவை மாற்றிவிடுகின்றது. வீட்டாரே முகமூடி அணிந்து நுழைந்தால் காவல்நாய் குரைக்குமன்றோ? அதுபோல, உருமாறிய புரதத்தை அயலதெனக் கருதி உடல் எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றது. மது குடலின் உட்சுவரைத் தளர்த்துவதால், குடல்வாழ் நுண்ணுயிர்களின் நஞ்சும் கல்லீரலை அடைந்து அழற்சியைப் பெருக்குகின்றது. கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர்க்கு இவ்வேதியியல் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் மதுவை அவர் நஞ்சின் வரிசையில் வைத்தமை வியப்பிற்குரியது.

இதனால் எழும் மருத்துவச் சிக்கலே நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது. தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி என்றொரு நோய் உண்டு. மதுவை அறியாதவர்க்கும், சிறப்பாக மகளிர்க்கு, அது வரும். அதனைக் கண்டறிய உதவும் உட்கரு எதிர்ப்பொருளும் மென்தசை எதிர்ப்பொருளும் சில குடிநோயாளரின் குருதியிலும் குறைந்த அளவில் காணப்படுகின்றன. முன்னதற்கு ஸ்டீராய்டு முதன்மை மருந்து. பின்னதற்கோ மதுவை அறவே விடுதலே முதன்மை. எனவே ஒரு சோதனைத் தாளைக் கொண்டு முடிவு கட்டலாகாது. முன்னதில் ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருளும், பின்னதில் ஐ.ஜி.ஏ. என்பதும் பெரும்பாலும் மிகுந்திருக்கும். ஐயம் தீராவிடின் கல்லீரல் திசுவை எடுத்தும் ஆராய்வர்.

குடியை மறைப்பவர் வேண்டாத மருந்தை உண்ண நேரலாம். குடியையே அறியாத பெண்ணை, ஈரல் நோய் என்றவுடன் ஊர் ஐயுறவும் கூடும்; இக்கொடுமை நோயினும் பெரிது என்போம். 1985இல் அண்ணாமலை நகரில் தோன்றி, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் மருத்துவமனைக்கோ பிறவற்றிற்கோ செல்வோர், எவ்வளவு, எத்தனை ஆண்டு குடித்தனர் என்பதை மறையாது கூறல் வேண்டும். மனைவி மக்கள் முன்னிலையில் வாய்திறக்கத் தயங்குவோர், மருத்துவரிடம் தனித்துப் பேச வேண்டிக்கொள்ளலாம்.