காயில் கட்டும் கடையில் ஒரு கிட்டார்

சென்ற வாரம் ஆம்ப்ளிஃபையரோடு நின்றோம். வால்வு தாங்கும் அளவுக்கு மேல் சிக்னல் போனால் அலையின் தலை நசுங்கும், அந்த நசுங்கலைத்தான் ராக் கிட்டாரின் கரகரப்பாகக் கேட்கிறோம் என்று பார்த்தோம். இந்த வாரம் அதற்கு ஒரு படி முன்னால், கிட்டார் கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பிக்கப்புக்கு வருவோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1960களின் ராக் ஓசை வேண்டும் என்பவர், கடையில் இருப்பதிலேயே பலசாலியான பிக்கப்பை வாங்கினால் காசையும் கொடுத்து எதிர்த் திசையிலும் போகிறார். அந்த ஓசையைத் தந்தவை எல்லாம் இன்றைய கணக்கில் சோப்ளாங்கிகள்.

பிக்கப்பில் மந்திரம் ஏதுமில்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும்; புலம் ஆடினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்ட விதி. நைலான் கம்பி போட்ட கிட்டாருக்கு இதை மாட்டினால் ஊமைதான். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் குதிரைலாடக் காந்தத்தை வைத்து முதலில் விற்பனைக்கு வந்த மின் கிட்டாரை உருவாக்கினார். வட்டமான உடம்பும் நீளமான கழுத்துமாக இருந்ததால் அதற்கு ‘வாணலி’ என்றே பெயர் விழுந்தது.

சுருளில் எத்தனை சுற்று என்பதில்தான் வம்பு. சுற்று கூடினால் சத்தம் கூடும். ஆனால் கூடவே சுருளின் இண்டக்டன்ஸும் ஏறும், மேல் ஸ்தாயி மழுங்கும், நடுப்பகுதி தடித்துக்கொண்டு முன்னால் வரும். குறைந்த சுற்றில் ஓசை மெலிவாக இருக்கும். ஆனால் விரல் பட்ட இடம், பிளெக்ட்ரம் கிள்ளிய கோணம் எல்லாம் காதுக்கு வந்து சேரும். பழைய இசைத்தட்டுகளில் நாம் ‘உயிர்’ என்று சொல்வதில் பாதி இதுதான் என்பது என் கட்சி.

பழைய ராக்கைத் தேடுபவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற பெயர் பி.ஏ.எஃப். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் 1955 ஜூனில் இரட்டைச் சுருள் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அது கைக்கு வந்தது 1959 ஜூலையில். அதற்கிடையில் விற்ற பிக்கப்புகளின் அடியில் ‘பேட்டன்ட் அப்ளைடு ஃபார்’, அதாவது ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த மூன்று சொற்களின் முதல் எழுத்துகளே பெயராகிவிட்டன. உரிமை கிடைத்த பிறகும் சில வருடம் அதே ஸ்டிக்கர்தான். பிறகு எண் போட்டு ஒட்டினார்கள். அந்த எண்ணும் பிக்கப்புக்கு உரியது அல்ல, கிட்டாரிஸ்ட் லெஸ் பாலின் கம்பி தாங்கிக்குக் கிடைத்த காப்புரிமை எண்! போட்டியாளரைக் குழப்ப வேண்டுமென்றே செய்தார்கள் என்று சிலர், அலுவலக அசட்டை என்று சிலர். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

அசட்டை அதோடு நிற்கவில்லை. சுருள் சுற்றும் ஒவ்வொரு பாபினிலும் சுமார் 5,000 சுற்று என்பது திட்டம். தானாக நிற்கும் வசதி இல்லாத மெஷினில் சுற்றியதால் சிலவற்றில் கூடியது, சிலவற்றில் குறைந்தது. ஒரே பிக்கப்பின் இரண்டு சுருளிலேயே எண்ணிக்கை வேறுபட்டது. காந்தமும் அப்படித்தான், அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோவில் 2, 3, 4, 5 என்று பல தரம் உண்டு, கையில் எது வந்ததோ அதைப் போட்டார்கள். மீட்டரில் வைத்தால் ஒன்று ஏழரை கிலோ ஓம் காட்டும், இன்னொன்று ஒன்பதை எட்டும். இப்படி வந்த பிக்கப்புகளை 1958 முதல் 1960 வரை கிப்சனின் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கிட்டார்களில் மாட்டினார்கள். அப்போது அவை சரியாக விலை போகவில்லை என்று அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டார்கள். 1966 ஜூலையில் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் குழுவோடு வாசித்த ஆல்பம் வெளிவந்தது. மார்ஷல் ஆம்ப்ளிஃபையரை அலறவிட்ட லெஸ் பால். அதற்குப் பிறகு அந்தக் கிட்டாருக்கு வந்த மவுசை என்னவென்று சொல்ல! இன்று லட்சக்கணக்கான டாலர்.

ஆனால் ‘ராக் என்றாலே லெஸ் பால்’ என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1969 ஜனவரியில் வந்த லெட் செப்ளினின் முதல் ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசித்தது ஃபெண்டர் டெலிகாஸ்டர், ஒற்றைச் சுருள் பிக்கப். கேட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. ஓசையின் கனம் ஆம்ப்ளிஃபையரிலும் விரலிலும் இருந்தது. சுற்று ஏற்றிய ‘ஹாட்’ பிக்கப்புகள் அதன் பிறகு வந்த சரக்கு. 1970களின் தொடக்கத்தில் டிமார்சியோ என்பவர் செராமிக் காந்தம் வைத்து, 13 கிலோ ஓமுக்கு மேல் போகிற ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஹார்ட் ராக்குக்கும் மெட்டலுக்கும் வழி விட்டது. அதை வாங்கி மாட்டிக்கொண்டு கிளாப்டனைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

இதெல்லாம் அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டிக்கு எப்படி வந்தது? அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் போர்வெல்தான் கதி. போர் இருந்தால் மோட்டார், மோட்டார் இருந்தால் எரியும், எரிந்தால் காயில் கட்ட வேண்டும். இந்த வட்டாரத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு வைண்டிங் கடையாவது இருக்கும். பங்குனிப் பொங்கல் சமயத்தில் இதே ஊர்களில் ஆர்கெஸ்ட்ராவும் நடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படி ஒரு குழுவில் கிட்டார் வாசிக்கிறார். கையில் இருப்பது மலிவான கிட்டார். அதில் இருக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு எஃகுத் தூண்கள், அடியில் ஒரு செராமிக் பட்டை. மேடை ஏறினால் பாட்டுக்கு முன்னால் அவருடைய கிட்டார்தான் ‘ஙொய்ய்’ என்று பாட ஆரம்பிக்கும்.

அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சோக் போட்ட டியூப் லைட் வரிசை, சீரியல் செட், ரேடியோ செட்டுக்காரரின் ஒயர்கள். அத்தனையும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் புலத்தைப் பரப்பிக்கொண்டிருக்கின்றன. ஒற்றைச் சுருளுக்குக் கிட்டார் கம்பி எது, டியூப் லைட் சோக் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரட்டைச் சுருளின் பிறவிப் பயனே இந்த இரைச்சலை அடக்குவதுதான். ஒரு சுருளை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் இணைத்து, காந்த முனையையும் மாற்றி வைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். கம்பியின் ஓசை மட்டும் கூடும். நம் திருவிழா மேடைகளுக்கு எது சரி என்று கேட்டால் ஹம்பக்கர் எனப்படும் இந்த இரட்டைச் சுருள்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

வெளிநாட்டில் பி.ஏ.எஃப். பாணியில் கையால் சுற்றித் தருகிறவர்களின் ஒரு ஜோடி விலை, அந்தத் தம்பியின் கிட்டார் விலையைத் தாண்டும். அதனால் உள்ளூர் ஆன்லைனில் ஒரு மலிவான ஹம்பக்கர் ஜோடியை வாங்கினார். அதன் சுருளைப் பிரித்துப் பழைய அளவில் மறுபடி சுற்றலாமா என்று பாளையம்பட்டியில் ஒரு வைண்டிங் கடைக்குப் போனோம். கடைக்குள் வார்னிஷ் வாடை. மேஜையில் ஃபேன் காயில் சுற்றும் கை மெஷின், பக்கவாட்டில் எண்ணிக்கை காட்டும் மீட்டர். சுவரில் நிறம் மங்கிய கேஜ் சார்ட்.

“அண்ணாச்சி, 42 கேஜ் கம்பி இருக்கா?” என்றார் தம்பி. இணையத்தில் எங்கும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

அண்ணாச்சி பிக்கப்பைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “42 இருக்கு தம்பி. ஆனா இதுல இருக்கது 42 இல்லையே. இது தலைமுடியவிட மெல்லிசுல்ல?”

அவர் சொன்னதுதான் சரி. இணையம் சொல்லும் 42 அமெரிக்கக் கேஜ். செம்பின் விட்டம் 0.063 மில்லிமீட்டர். நம் கடைகள் பேசுவது எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜ். அதில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டர். அந்தக் கம்பியைச் சுற்றினால் பாபினில் பாதிக்கும் குறைவான சுற்றுதான் பிடிக்கும்; மீட்டரில் ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரும்; கிட்டார் முனகும். நமக்கு வேண்டியது எஸ்.டபிள்யூ.ஜி. 46, அதாவது 0.061. இது போன்ற வைண்டிங் கடைகளில் 46 இருக்காது. மதுரையில் சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

கம்பி வந்ததும், இரண்டு சுருளையும் எப்படி இணைப்பது என்று விளக்க ஆரம்பித்தேன். அண்ணாச்சி பாதியிலேயே கையமர்த்தினார். “ஒண்ணு நேரா, அடுத்தது தலைகீழா. மோட்டார்ல போலுக்குப் போல் அப்படித்தான சார் குடுப்போம்.” அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருக்கும் பிக்கப்புக்கும் ஒத்துவரவில்லை. அவர் பழக்கத்தில் எந்தக் காயிலும் வார்னிஷில் முங்கி எழ வேண்டும். பழைய பி.ஏ.எஃப்.களை எதிலும் முக்கவில்லை. அந்தத் தளர்வில் ஓசைக்கு ஒரு காற்றோட்டம் உண்டு. ஆனால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால் அதே தளர்வு கீச்சிட்டு ஊளையிடும். மேடை வாசிப்புக்கு நடுவழியாக, உருகிய மெழுகில் கொஞ்ச நேரம் மட்டும் வைத்து எடுப்பது நல்லது. வார்னிஷ் வேண்டாம், ஒரு தடவை இறுகினால் பிறகு பிரிக்கவே முடியாது.

கம்பியை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, இழுவை சற்று மாறினால் அறுந்துபோகும் பதத்தில், மெஷின் கைப்பிடியைச் சுற்றினார். இரண்டு பாபினுக்கும் சேர்த்து ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கம்பி. ஒரு பாபினில் 5,000, மற்றதில் வேண்டுமென்றே சில நூறு குறைவு. இரண்டும் துல்லியமாகச் சமமாக இருந்தால் இரைச்சல் சுத்தமாகப் போகும், ஆனால் மேல் ஓசையிலும் கொஞ்சம் சாப்பிட்டுவிடும். சமமில்லாமல் இருந்தால் லேசான இரைச்சல் மிஞ்சும், தெளிவு கூடும். கிப்சன் தொழிற்சாலையில் தற்செயலாக நடந்ததை இங்கே திட்டமிட்டுச் செய்தோம்.

மீட்டரில் வைத்ததும் தம்பியின் முகம் வாடிவிட்டது. ஒன்பதைத் தாண்டிக் காட்டியது. “ஹாட் பிக்கப் ஆயிருச்சு அண்ணாச்சி!” ஆகவில்லை. 46 கேஜ் கம்பி அமெரிக்க 42ஐவிட இம்மி மெல்லியது என்பதால், அதே நீளத்துக்கு மின்தடை எட்டு சதவீதம் போலக் கூடும். அதற்கு மேல் கோடை. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரி அறையில் 8 கிலோ ஓம் காட்டும் சுருள், தகரக் கூரைக்கு அடியில் 40 டிகிரியில் 8.6 காட்டும். கம்பி வித்தியாசத்தையும் சேர்த்தால் 9.3. சுற்றோ, காந்தமோ மாறவில்லை, ஓசையும் அதேதான். கிலோ ஓமைப் பார்த்துப் பிக்கப் வாங்குவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு அருப்புக்கோட்டை வெயிலைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

காந்தத்தை மாற்றுவது எளிய வேலை. அடித்தகட்டின் திருகுகளைத் தளர்த்தி, செராமிக் பட்டையை உருவிவிட்டு அல்நிகோ பட்டையைச் செருகினால் போதும். பிரிட்ஜ் பக்கத்துக்கு 5, கழுத்துப் பக்கத்துக்கு 2 என்று நான் சொல்வேன். 2 சற்று மென்மை. தனி ஸ்வரங்கள் உருண்டு வரும். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளை அதே இரவில் சுத்தமான ஓசையில் வாசிக்க வேண்டியவருக்கு அது கைகொடுக்கும். வால்யூம் பாட் 500கே போடுங்கள். ஒற்றைச் சுருளோடு வந்த 250கே இருந்தால் மேல் ஓசையைத் தின்றுவிடும். நீளமான ஒயரும் அதையே செய்யும். பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகில் தூக்கி வைக்காதீர்கள். காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்தால் ஸ்ருதி தள்ளாடும்.

நம் ஊருக்குக் காந்தப் பிக்கப் அந்நியம் என்று யாராவது சொன்னால் மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைவுபடுத்துங்கள். 1980களில் சென்னை சபாக்களில் அந்தச் சிறுவன் கையில் இருந்தது மின் மாண்டலின். சாதாரண மாண்டலினில் நான்கு ஜோடிக் கம்பி. ஸ்வரம் மீட்டிய மாத்திரத்தில் மடிந்துவிடும், கமகம் நிற்காது. அவர் ஜோடியை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்கு மாறினார், மின் ஓசையில் ஸ்வரத்தை நீட்டி நிறுத்தினார். பிக்கப்பைச் சத்தத்துக்காக அவர் பயன்படுத்தவில்லை, நீட்சிக்காகப் பயன்படுத்தினார். ராக் கிட்டாரிஸ்டுகள் தேடியதும் அதே நீட்சியைத்தான். அவர்கள் அதை வால்வைக் கதறவைத்து அடைந்தார்கள்.

தம்பியின் கிட்டார் இப்போது வால்யூம் ஆறில் சுத்தமாகவும் பத்தில் கரகரப்பாகவும் பேசுகிறது. டியூப் லைட் வரிசைக்கு அடியில் நின்றால் இரைச்சல் லேசாக இருக்கத்தான் செய்கிறது, பாட்டு தொடங்கினால் கேட்பதில்லை. ரேடியோ செட்டுக்காரரின் பாக்ஸில் கொடுத்தால் மட்டும் இன்னும் கண்ணாடி உடைகிற மாதிரி ஒலிக்கிறது. அது பிக்கப்பின் தப்பில்லை. கிட்டாருக்கென்று வந்த பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கருக்கும் மேடைப் பாக்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்பதை அடுத்த வாரம் திறந்து பார்ப்போம்.