குடும்ப மரப் பூத்தையல்

ஒரு குடும்பத்தின் தலைமுறைகளை, அவர்களின் பெயர்களோடும் பிறந்த, மணந்த, இறந்த நாள்களோடும் மர வடிவில் துணியில் தைத்து வைக்கும் கைவேலையே குடும்ப மரப் பூத்தையல் ஆகும். இன்று இதைத் திருமணப் பரிசாகவும் பேரக்குழந்தைக்கான நினைவுப் பொருளாகவும் செய்கிறார்கள். ஒரு காலத்தில் இது குடும்பத்தின் பதிவேடாகவும் இருந்தது.

வரலாறு

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பள்ளிச் சிறுமிகள் தையல் பயிற்சிக்காக லினன் துணியில் பட்டு நூலால் எழுத்துகளையும் உருவங்களையும் தைத்தனர். இதற்குச் சாம்ப்ளர் என்று பெயர். அவற்றுள் ஒரு வகைதான் குடும்பப் பதிவுச் சாம்ப்ளர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன், கான்கார்ட் சுற்றுவட்டாரத்தில் இது பழமரமாக வடிவெடுத்தது. மரத்தடியில் இணைந்த இரு இதயங்களில் தாய், தந்தை பெயர்கள் இருக்கும். கிளைகளில் தொங்கும் ஒவ்வொரு பழத்திலும் ஒரு பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும் இருக்கும். கைக்குழந்தையாகவே இறந்துபோன பிள்ளைக்கும் ஒரு பழம் உண்டு.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். மனைவியும் பிள்ளைகளும் வெறும் எண்ணிக்கைதான். (1850-இல் மற்றவர்களின் பெயர்கள் சேர்ந்தபோதும் அடிமைகளின் பெயர்கள் சேரவில்லை.) அரசுத் தாளில் இல்லாத பெண்ணின் பெயர் மகள் தைத்த துணியில் இருந்தது என்பதே இக்கலையின் தனிச்சிறப்பு.

அது வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் (1775-1783) பணியாற்றிய வீரர்களின் விதவைகளுக்கு 1836-ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதியம் வழங்கியது. கணவரின் போர்ப்பணி முடியும் முன்பே திருமணம் நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய திருமணத்துக்குச் சான்று எங்கே கிடைக்கும்? பலர் குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம் குறித்துவைத்த பக்கத்தைக் கிழித்து அனுப்பினார்கள். சிலர் சுவரில் மாட்டியிருந்த சாம்ப்ளரையே கழற்றி அனுப்பினார்கள். அப்படி வந்தவை இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

வயதான பிறகு தம் வயதை மறைக்க, சாம்ப்ளரில் தைத்த ஆண்டை மட்டும் பிரித்தெடுத்துவிட்ட பெண்களும் உண்டு. துணியைப் பார்த்தாலே ஊசித் துளைகள் காட்டிக் கொடுத்துவிடும்!

பெயர்களைத் திரட்டுதல்

தைப்பதைவிடப் பெயர் திரட்டுவதுதான் கடினம். நம் வீடுகளில் பாட்டியை எல்லோரும் ஒரு செல்லப்பெயரால் அழைத்திருப்பார்கள். குடும்ப அட்டையில் வேறு பெயர் இருக்கும். பள்ளியில் சேர்ப்பதற்காக எழுதிய பிறந்த நாள் பலருக்கு உண்மையான நாள் அன்று. ஐயமுள்ள நாளைத் தைக்க வேண்டாம். ஆண்டு மட்டும் போதும். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அத்தை மகனையோ மாமன் மகளையோ மணந்த குடும்பங்களில், பிரிந்த கிளைகள் அடுத்த தலைமுறையில் மீண்டும் சேர்ந்துவிடும். மரம் வலையாகிவிடும். எல்லோரையும் சேர்க்க முயல்வதைவிட, நியூ இங்கிலாந்துச் சிறுமிகளைப் போல ஒரே ஒரு தம்பதியை அடியில் வைத்து, அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மட்டும் தைப்பது நல்லது.

தைக்கும் முறை

அடிமரத்துக்குச் சங்கிலித் தையலும், கிளைக்குக் காம்புத் தையலும், இலைக்கும் பழத்துக்கும் சாட்டின் தையலும் பொருந்தும். ஆறிழை நூலைப் பிரித்து, அடிமரத்துக்கு மூன்றிழையும் எழுத்துக்கு ஓரிழையும் கோத்தால் போதும்.

எழுத்தில்தான் கவனம் வேண்டும். ஆங்கில மாதிரிப் புத்தகங்கள் கட்டத் துணியில் குறுக்குத் தையலைச் சொல்லும். நேர்கோடுகள் மிகுந்த ஆங்கில எழுத்துக்கு அது சரி. வளைவும் சுழியும் கொண்ட தமிழ் எழுத்து அதில் உடைந்து தெரியும். தமிழ்ப் பெயரைச் சாதாரணப் பருத்தித் துணியில் வரைந்துகொண்டு காம்புத் தையலால் தைக்க வேண்டும். எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு பிரெஞ்சு முடிச்சு அழகாக அமையும். எல்லாப் பெயரையும் முதலில் தாளில் எழுதி, குடும்பத்தார் இருவரிடமாவது காட்டிப் பிழை பார்த்த பிறகே துணிக்கு மாற்ற வேண்டும்.

நூலின் சாயம் ஓடுகிறதா என்று தைப்பதற்கு முன்பே நனைத்துப் பார்க்க வேண்டும். சட்டமிடும்போது கண்ணாடி துணியில் படாமல் சிறிது இடைவெளி விட்டு, வெயில் விழாத சுவரில் மாட்ட வேண்டும். தைத்தவர் பெயரையும் ஆண்டையும் ஓரத்தில் தைத்துவிட்டு, இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக இரண்டு மூன்று கிளைகளை வெறுமையாக விட்டுவைக்கலாம்.