இலை, விதை, எண்ணெய் தரும் பூண்டுப் பயிர்கள்: கொய்யுங் காலம் அறிதல்

காலபோக நெல்லைச் சூடடித்து வீடு சேர்த்தபின் வன்னிக் கமக்காரர் முதலில் நோக்குவது குளத்தின் நீர்மட்டத்தையே ஆகும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய பெருங்குளங்களின் கீழும் சிறுபோகத்தில் எல்லா ஆண்டுகளிலும் முழு வயலுக்கும் நீர் கிடைப்பதில்லை. சிறு குளத்தையும் கிணற்றையும் நம்பியிருப்போர் நிலை இதனினும் கடினமானது. இவ்வாறு தரிசாய் விடப்படும் நிலத்திற் குறைந்த நீருடன் வருவாய் தரத்தக்கவை சில பூண்டுப் பயிர்கள். பூண்டு என இங்குக் குறிக்கப்படுவது மென்தண்டுள்ள செடிகளேயன்றி, வெள்ளைப்பூண்டு அன்று.

இப்பயிர்களிற் பலவற்றின் விதையை வீட்டுக்கு வீடு பானையிற் சேமித்துக் கைமாற்றிக் கொள்ளும் வழக்கம் முன்பு இருந்தது. 2009 ஆம் ஆண்டு வைகாசியிற் போர் முடிவுற்றதற்கு முன் நேர்ந்த தொடர் இடப்பெயர்வுகளில் உயிரைக் காத்துக்கொண்டு சென்றோர் விதைப்பானையைக் காத்தல் இயலாததாயிற்று. இன்று இலங்கையிற் பயன்படும் கொத்தமல்லியின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகின்றது. தடிமனுக்குக் குடிநீர் அவிக்கவும் கறித்தூள் இடிக்கவும் வேண்டிய ஒரு பொருளை, மேட்டுநிலம் உடைய குடும்பமும் காசு கொடுத்தே வாங்குகின்றது.

எதற்காக விதைக்கிறோம்?

ஒரே செடி இலையும் தரும், விதையும் தரும். ஆயினும் இரண்டையும் ஒருங்கே நிறைவாகத் தராது. இலையை அடிக்கடி கொய்தால் விதை குறையும். விதை முற்றும்வரை விட்டால் இலை உண்ணுந் தகுதியை இழக்கும். ஆதலால் விதைப்பதற்கு முன்னரே, இப்பாத்தி இலைக்கா, விதைக்கா, எண்ணெய்க்கா என்பதைத் தீர்மானித்துக் கொள்ளல் வேண்டும். நல்ல மண்ணும் எருவும் இட்டு வளர்த்த பயிரும் காலந்தவறிக் கொய்யப்படின் பயனற்றுப் போகும்.

கொத்தமல்லி

இது குளிர்ச்சியான பருவத்தை விரும்பும் பயிர். மார்கழியிற் கனமழை ஓய்ந்ததும், நீர் வடியும் மேட்டுநிலத்தில் விதைத்தல் நன்று. தை, மாசி மாதங்களிற் கிணற்று நீர் பாய்ச்சினால், சித்திரை மழைக்கு முன் விதை வீடு சேரும். பங்குனி வெயிலில் விதைத்தாற் செடி வளருமுன் பூத்துவிடும்.

உருண்டையான ஒவ்வொரு கொத்தமல்லிக் காயினுள்ளும் இரண்டு விதைகள் உள. ஆதலாற் காய்களைப் பலகையில் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தல் வேண்டும். கடையில் வாங்கியதாயின் முளைதிறனைச் சோதித்தல் இன்றியமையாதது. நூறு விதைகளை எண்ணி ஈரச்சாக்கில் மடித்து வைக்க, இரண்டு வாரத்தில் எழுபதாவது முளைக்காவிடின் அவ்விதையைக் கறிக்கு வைத்துக்கொண்டு வேறு விதை தேடுக. வரிசைக்கு வரிசை 8 அங்குலமும் செடிக்குச் செடி 6 அங்குலமும் இடைவெளி போதும். மக்கிய எரு நன்மை செய்யும். யூரியாவை மிகுதியாக இடின் செடி தழைக்குமேயன்றி விதை முற்றத் தாமதிக்கும்.

இலைக்காயின் 30 முதல் 40 நாளில், பூந்தண்டு எழுமுன் கொய்க. விதைக்காயின் 90 முதல் 110 நாள் செல்லும். பச்சைக் காயை நசுக்கினால் மூட்டைப்பூச்சியை ஒத்த நாற்றம் வீசும். முற்றும்போது அந்நாற்றம் நீங்கி இனிய மணம் தோன்றும். எனவே மூக்கே இங்கு நல்ல அளவுகோல். காய்களிற் பாதிக்கு மேற்பட்டவை பச்சை நீங்கி வைக்கோல் நிறம் பெறும்போது, பனி காயுமுன் காலையில் அரிக. நண்பகலில் அரிந்தால் முற்றிய காய்கள் உதிர்ந்துவிடும். நிழலிற் காயவிட்டு, அடித்து, சுளகிற் புடைத்தெடுக்க.

எள்ளு

சித்திரை மழையின் ஈரத்தில் விதைத்து ஆடியில் அறுக்கத்தக்கது எள்ளு. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதுமானது. விதை மிகச் சிறிதாகையால் மணலுடன் கலந்து வீசுதல் வேண்டும். வறட்சியைத் தாங்கும் இப்பயிர், தேங்கும் நீரைச் சிறிதும் தாங்காது. ஆதலால் வயலில் விதைப்போர் முதலில் வாய்க்கால் வெட்டி வடிகால் செய்க.

எள்ளின் பாதி எடைவரை எண்ணெயே. ஆனால் முற்றிய காய் வெடிக்கும் இயல்புடையது; சோளகக் காற்று வீசும் நாளில் ஒரு வாரத் தாமதமும் விளைவை மண்ணிற் கொட்டிவிடும். கீழிலைகள் உதிர்ந்து, அடிக்காய்கள் மஞ்சளாகும்போதே அறுத்தல் வேண்டும். உச்சிக்காய் முற்றும்வரை காத்திருத்தல் தகாது. அறுத்த செடிகளைச் சிறு கட்டுகளாக்கிப் படங்கின்மேல் நிமிர்த்தி வைத்து, ஏறக்குறைய ஒரு வாரம் உலர்ந்தபின் தலைகீழாகப் பிடித்துத் தட்டுக. உதிர்ந்த எள்ளை நன்கு காயவைத்த பின்னரே செக்குக்குக் கொண்டுசெல்க. ஈரமான எள்ளிற் பூஞ்சணம் பற்றும். எண்ணெயும் விரைவிற் சிக்குவாடை கொள்ளும்.

இலைப் பூண்டுகள்

வல்லாரை, கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரம் நிற்கும் இடத்திற் செழிக்கும். ஓடிகளை விட்டு இலைகளை மட்டும் அரிந்தால் அதே பாத்தி மீண்டும் மீண்டும் பயன்தரும். சம்பலுக்குப் பச்சையாக உண்ணப்படும் இலையாதலின் அதன்மேற் பூச்சிநாசினி தெளித்தல் ஆகாது. மாசடைந்த நீரைப் பாய்ச்சுதலும் ஆகாது.

துளசியின் மணம் அதன் இலையிலுள்ள ஆவியாகும் எண்ணெயால் உண்டாவது. எள்ளெண்ணெய் போலன்றி இவ்வெண்ணெய் வெயிலிற் பறந்துபோகும். தென்னிலங்கையிற் பங்கிரிப் புல்லின் எண்ணெயை நீராவியால் வடித்தெடுப்பதும் இவ்வியல்பு பற்றியே. வடிகலன் இல்லாத கமக்காரர் இலையை உலர்த்தி விற்கலாம். பூக்கத் தொடங்கும்போது, தரையிலிருந்து அரை அடி விட்டு மேற்பகுதியை அரிந்து, காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லப் பரப்புக. கசக்கும்போது நொறுங்கினால் உலர்ந்ததென அறிக. ஐந்து கிலோ பச்சை இலை ஏறக்குறைய ஒரு கிலோவாகக் குறையும். விலை பேசும்போது இதனை மறத்தலாகாது.

முதலிற் சிறு அளவு

விற்கும் இடத்தை அறியாது பெருநிலத்தில் விதைத்தல் நட்டத்துக்கு வழியாகும். முதலாண்டில் இரண்டு பாத்திகளில் மட்டும் செய்து, விதைத்த நாள், கொய்த நாள், கிடைத்த எடை ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வருக. ஐயமுள்ளவற்றை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. ஒவ்வோர் அறுவடையிலும் நன்கு விளைந்த செடிகளை அடையாளமிட்டு, அவற்றின் விதையை வேறாக உலர்த்தி, சாம்பல் கலந்து, மூடிய பானையிற் சேமித்தல் வேண்டும். மறுபோகத்தில் அயலாருக்கு ஒரு கைப்பிடி கொடுத்துவைத்தல் நன்று. ஒரு வீட்டில் அழிந்த விதை இன்னொரு வீட்டிலிருந்து திரும்பி வரும்.