பதின்வயதுப் பிள்ளையும் பெற்றோரும்: சபை என்ன செய்யலாம்?

ஆம்பூரில் விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடும். அம்மா அவசரமாகச் சோறு வடித்து, டிபன் கட்டி வைத்துவிட்டு ஓடும்போது, பத்தாம் வகுப்புப் பையன் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பான். அவர் திரும்பும்போது அவன் டியூஷனில் இருப்பான். அப்பாவுக்கு டேனரியில் ஓவர்டைம். ராத்திரிப் பேச்சு, "சாப்டியா?", "மார்க் எவ்ளோ?", "போனைக் கீழ வை" என்ற மூன்றில் முடிந்துவிடுகிறது. பாசம் குறைந்துவிடவில்லை, பேச நேரம்தான் இல்லை.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என நீளும் தோல் தொழில் ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அன்றும் பிள்ளை வாலிபர் ஐக்கியத்துக்கும், அம்மா பெண்கள் ஐக்கியத்துக்கும், அப்பா கமிட்டிக்கும் போய்விடுகிறார்கள். ஒரே ஆலயத்துக்கு வந்தும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே வீடு திரும்புகிறார்கள்.

பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது முதலில் வீட்டின் பொறுப்பு. ஆம்பூர்ப் பகுதி லுத்தரன் சபைகளில் திடப்படுத்தல் வகுப்பில் படிக்கும் சிறிய ஞானோபதேசத்தை மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதினார். குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். பின்னாளில் அது வகுப்பறைப் பாடமாகிவிட்டது. அதை மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் இன்றைய இளைஞர் ஊழியத்தின் வேலை.

இதற்குப் பெரிய செலவில்லை.

திடப்படுத்தல் வகுப்பில் சில பாடங்களுக்குப் பெற்றோரையும் அழையுங்கள். "என் வயசுல நீங்க எதுக்குப் பயந்தீங்க?" என்று பிள்ளை கேட்கட்டும். "இப்ப உனக்கு எது பாரமா இருக்கு?" என்று பெற்றோர் கேட்கட்டும். பதில் வரும்போது குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லவும் கூடாது. இந்த ஒரு விதி போதும்.

கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நடக்கும்போது பதின்வயதினர் பலர் உதவி ஆசிரியர்களாக உழைக்கிறார்கள். நிறைவு நாளில் அவர்களின் பெற்றோரை வரவழைத்து, பிள்ளை செய்த நல்லதை அவர்கள் காதுபடச் சொல்லுங்கள். மார்க் ஷீட்டில் வராத திறமை அன்றைக்குத் தெரியவரும்.

வாலிபர் ஐக்கியத்தை நடத்தும் அண்ணன், அக்காமார்களிடம் பிள்ளைகள் மனம் திறப்பது இயல்பு. பெற்றோர் அதில் வருத்தப்பட வேண்டாம். தலைவர்களும் பெற்றோரின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது. "இதை அம்மாகிட்ட சொல்லு, வேணும்னா நானும் கூட வர்றேன்" என்று சொல்பவரே நல்ல தலைவர்.

கூட்ட நேரத்தை ஷிப்டுக்கு ஏற்ப வையுங்கள். வேலைநாள் மாலைக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருவதில்லை என்று குறைசொல்வது நியாயமல்ல.

பிள்ளைகள் நம்பிச் சொல்லும் ரகசியத்தைக் காப்பதற்கும் எல்லை உண்டு. பிள்ளை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவிக்கு 1098, மன அழுத்தத்துக்கு 14416 ஆகிய இலவச எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

லூக்கா நற்செய்தியில், பன்னிரண்டு வயது இயேசுவைத் தேடி அலைந்த பெற்றோர், தேவாலயத்தில் அவரைக் காண்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று தாய் கேட்கிறார். அவர் சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனாலும் மரியாள் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டார், பிள்ளையும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பினார். பிள்ளை சொல்வது முழுக்கப் புரியாவிட்டாலும் உறவு முறியத் தேவையில்லை.

பெற்றோரே, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன்களை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மார்க்கைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். அவன் பேசட்டும், அவள் பேசட்டும். நீங்கள் கேளுங்கள்.