தானாக வாசிக்கும் பியானோவின் தோல்பைகள்

மல்வேர்னில் நான் ஆர்மோனியத் துருத்தி திருத்துகிறவன் என்று தெரிந்த ஒருவர் போன மாரியில் அழைத்தார். "அண்ணை, பேஸ்மன்ரில பழைய பியானோ ஒன்று கிடக்கு. எறியவோ வைச்சிருக்கவோ எண்டு வந்து பார்த்துச் சொல்லுங்கோ."

பார்த்தால் காகிதச் சுருள் மாட்டி, காலால் மிதித்தால் தானாக வாசிக்கும் பியானோ. ரொறன்ரோவிலேயே ஒட்டோ ஹிகல் நிறுவனம் இவற்றின் உள்பொறிகளையும் சுருள்களையும் செய்தது. 1920களின் முடிவோடு இந்தப் பியானோக்களின் காலம் போயிற்று. அதில் வானொலிக்கும் பங்குண்டு என்பதை இங்கே எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆர்மோனியத் துருத்தி காற்றை ஊதும், இது உறிஞ்சும். சுருளின் துளை வந்ததும் வெளிக்காற்று குழாய்வழி போய், மெல்லிய தோல்பையைப் புடைக்க வைக்கும். பை ஒரு வால்வைத் தூக்க, சிறு துருத்தி ஒன்று சுருங்கிச் சுத்தியலை அடிக்கும். 88 சுரத்துக்கு 88 பைகள். ஒவ்வொன்றுக்கும் அருகே ஓர் ஊசித்துளை. துளை கடந்தபின் உள்ளே நின்ற காற்று அதன்வழி போய், பை இறங்கும்.

சிக்கல் இங்கேதான். வருடக்கணக்கில் காய்ந்த தோல் கசியும். கசிவு இன்னோர் ஊசித்துளை மாதிரி. பலமாக மிதித்தால் எல்லாச் சுரமும் கேட்கும். மெதுவாக மிதித்தால் சில ஊமையாகிவிடும்.

சோதிக்க, ஊசித்துளையை நாடாவால் மூடி, குழாயில் மெல்ல ஊதி, நாக்கால் அடையுங்கள். புடைத்த பை உடனே விழுந்தால் கசிவுதான். பழைய குழாய்கள் பல ஈயத்தால் ஆனவை, வாயில் வைக்காதீர்கள். புதிய ரப்பர் குழாய் ஒன்றை வையுங்கள்.

கசிவை அடைக்க முன்பு முட்டை வெள்ளைக்கருவும் பூசினார்கள். நான் ரப்பர் பசையை நப்தாவில் தண்ணீராகக் கரைத்துப் பூசுகிறேன். அதன் ஆவி தீப்பற்றும். பேஸ்மன்ரில் ஃபேர்னஸ் இருக்கும், அங்கே வேண்டாம். வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

முதல் மூன்று பைகளுக்குக் கெட்டியாகப் பூசினேன். கசிவு நின்றது. ஆனால் மறுநாள் பை பப்படம்போல விறைத்து, வால்வைத் தூக்கவே இல்லை. சுரண்டினால் தோல் கிழிந்தது. புதுத்தோலை வெட்டி, நடுவில் சற்றுத் தொய்வு விட்டு, சூடான விலங்குப் பசையால் ஒட்டினேன். அந்தப் பசையை ஈரமும் சூடும் கொடுத்துப் பிரிக்கலாம். அடுத்துத் திருத்த வருபவருக்கு அது உதவும். வெள்ளைப் பசை அப்படி விடாது.

இப்போது ஒரு மெல்லிய பூச்சு, காயவிட்டு ஊதிப் பார்ப்பது, தேவையென்றால் இன்னொன்று. கொஞ்சம் கசிந்தாலும் பரவாயில்லை, பை இளகி நிற்கவேண்டும். 61 பைகள் முடிந்துவிட்டன. வீட்டுக்காரர் பியானோவை எறியவில்லை.